ஏழாம் செல்

எங்கள் வீட்டுக்கு மின்கம்பி வராது. மெல்பர்னிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால், கிப்ஸ்லாந்து மலைச் சரிவில் ஐந்து ஏக்கர் நிலமும் ஒரு மரவீடும். கடைசிக் கம்பம் நிற்கும் இடத்திலிருந்து வீடுவரை இணைப்பு இழுக்க ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, முன்பு இங்கே இருந்த முதியவர் கூரையில் சூரியத் தகடுகளையும் கொட்டகையில் பேட்டரிகளையும் வைத்துக்கொண்டார். 2021-ல் அவரிடமிருந்து வாங்கினோம். வீட்டோடு பேட்டரிகளும் வந்தன. இரண்டு வோல்ட் செல்கள் பன்னிரண்டு, வரிசையாக இணைத்து 24 வோல்ட். ஒவ்வொன்றும் 600 ஆம்பியர்-மணி. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் பழைய ஈய-அமில வகை.

இரண்டாவது குளிர்காலத்தில், ஜூலை மாத இரவொன்றில், இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. தண்ணீர் பம்ப் ஓடிக்கொண்டிருந்த நேரம். காலையில் மீட்டரைப் பார்த்தேன். 25.3 வோல்ட். ஓய்வில் இருக்கும் பேட்டரிக்கு அது நல்ல அளவு. ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டேன். அதே வாரத்தில் இன்னும் இரண்டு முறை நின்றது. ஒவ்வொரு முறையும் காலையில் மீட்டர் 25.3 என்றது.

நான் பிழைப்புக்குச் செய்வது மென்பொருள் ஆலோசனை. சர்வர்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று காட்டும் பலகைகளை வாடிக்கையாளர்களுக்கு அமைத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொல்லும் முதல் வாக்கியம், 'சராசரியை நம்பாதீர்கள்' என்பது. சொந்த வீட்டில் ஒரு வாரம் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது இரவுக்குப் பிறகு அண்ணனை அழைத்தேன்.

அண்ணன் சின்னமனூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். அப்பா தொடங்கிய கடை. லாரி, டிராக்டர், கல்யாண வீட்டு மைக் செட், எல்லாவற்றின் பேட்டரியும் அங்கே சார்ஜுக்கு வரும். பலகைமேல் வரிசையாக அடுக்கி, ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் கிளிப் போட்டு, ஒரே சார்ஜரில் இரவு முழுக்க ஓட்டுவார் அப்பா. அவருடைய பனியன் எல்லாவற்றிலும் ஆசிட் பட்ட ஓட்டைகள் இருக்கும். காலையில் ஹைட்ரோமீட்டரோடு வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போவார். அண்ணன் பின்னாலேயே நோட்டுப் புத்தகத்தோடு போவான். நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். ஆசிட் என் கையில் படக்கூடாது என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம். 2005-ல் முதுகலை படிக்க மெல்பர்ன் வந்தபோது, பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதன் நாற்றம் மட்டும்தான்.

"மொத்தத்த விடுறா. செல் செல்லா அளந்தியா?" என்றான் அண்ணன்.

அளக்கவில்லை. மறுநாள் மல்டிமீட்டரோடு கொட்டகைக்குப் போனேன். பதினொரு செல்கள் 2.12 வோல்ட். ஏழாவது 2.00. கூட்டினால் 25.32. மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. ஹைட்ரோமீட்டர் வாங்கிவந்து அடர்த்தி பார்த்தேன். மற்றவை 1.270-க்கு அக்கம்பக்கம். ஏழாவது 1.160. கால்வாசிக்குச் சற்று மேலே மட்டும் நிரம்பிய செல். பம்ப் ஓடும்போது அது சரிந்து, மொத்த வரிசையையும் கீழே இழுத்திருக்கிறது.

வரிசையில் இணைத்த செல்கள் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் போகும். வலுவானதற்கு அதிகம், நலிந்ததற்குக் குறைவு என்று பிரித்துக் கொடுக்க முடியாது. சார்ஜர் மொத்த வோல்ட்டைப் பார்த்து 'நிரம்பிவிட்டது' என்று முடித்துக்கொள்ளும். அப்போதும் நலிந்த செல்லுக்குப் பசி அடங்கியிருக்காது. அதன் தகடுகளில் மிஞ்சிய ஈய சல்பேட் நாளாக ஆகக் கெட்டிப்பட்டுப் படிகமாகிவிடும். அப்புறம் அது வாங்குவது இன்னும் குறையும். அடியில் அடர்ந்த அமிலமும் மேலே நீர்த்த அமிலமுமாகப் பிரிந்துகொள்வதும் உண்டு.

இதற்கான மருத்துவம் ஈக்வலைஸ் செய்வது. எல்லாம் நிரம்பிய பிறகும் நிறுத்தாமல், செல்லுக்கு 2.6 வோல்ட் அளவில், சிறிய மின்னோட்டத்தில் சில மணி நேரம் விடுவது. நிரம்பிய செல்கள் கொதிப்பதுபோல் குமிழிவிடும். அந்தக் குமிழ்கள் அமிலத்தைக் கலக்கும். நலிந்தது மெல்ல எட்டிப்பிடிக்கும். நிரம்பியவை இதற்குத் தண்ணீரை இழந்து விலை கொடுக்கும். மூடிய ஜெல் பேட்டரிக்கோ லித்தியத்துக்கோ இதைச் செய்யவே கூடாது.

என்னிடம் இருந்த சார்ஜருக்கு அந்த உயரம் எட்டாது. பன்னிரண்டு செல்லுக்கு 31.2 வோல்ட் வேண்டும். அது 25 டிகிரி வெப்பத்தில். குளிர் கூடினால் வோல்ட்டும் கூட வேண்டும். டிகிரிக்கு, செல்லுக்கு 5 மில்லிவோல்ட். கொட்டகையில் 10 டிகிரி. கணக்குப் போட்டால் 32.1. ஜெனரேட்டரில் ஓடும் சார்ஜர் 28.8-க்கு மேல் ஏறாத வகை. சூரியக் கட்டுப்பாட்டுக் கருவியை ஏற்றி வைக்கலாம். ஆனால் ஜூலையில் பகலே பத்து மணி நேரத்துக்குள், அதிலும் பாதி மரநிழல். மதியம் தொட்ட வோல்ட்டை ஒரு மணி நேரம்கூடப் பிடித்து வைக்க முடியவில்லை. புது பேட்டரிகளின் விலை என்ன என்று பார்த்தபோது, அந்த மாதமே வீட்டை விற்றுவிடலாமா என்று மனைவி பாதி விளையாட்டாகக் கேட்டாள்.

"பன்னெண்டையும் எதுக்குடா ஏத்துற? ஏழத் தனியா போடு" என்றான் அண்ணன். "அப்பா அப்படித்தான செய்வாரு. வரிசையிலருந்து எடுத்து ஓரமா வெச்சு, சின்ன சார்ஜர்ல போடுவாரு."

எடுத்து வைக்கக்கூட வேண்டியதில்லை. மின்னணு வேலைக்கு மேசையில் வைத்துக்கொள்ளும், வோல்ட்டை நாமே திருகி வைக்கும் 10 ஆம்பியர் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. 2.65-ல் நிறுத்தி, கருவி அணைந்திருக்கும்போதே அந்த ஒரு செல்லின் இரு முனைகளில் கிளிப்பை மாட்டி, பிறகு இயக்கச் சொன்னான். கிளிப் மாட்டும்போது பொறி தெறிக்கக்கூடாது. செல் விடுவது ஹைட்ரஜன். கதவு, ஜன்னல் திறந்து வை, கண்ணாடி போடு, பக்கத்தில் ஆப்ப சோடா கரைத்த வாளி வை, தகடு மூழ்கியிருக்கிறதா பார், தண்ணீர் மட்டும் ஊற்று, ஆசிட் ஒரு சொட்டு ஊற்றாதே. வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான்.

கருவி இன்வெர்ட்டரில் ஓடியது. அதாவது வரிசை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததை ஏழாவது வாங்கிக்கொண்டது.

முதல் நாள் 3 ஆம்பியர்தான் போனது. கருவி 10 கொடுக்கத் தயாராக இருந்தும் செல் வாங்கவில்லை. கெட்டிப்பட்ட படிகம். "விடு, அதுவா வாங்கும்" என்றான். இரண்டாம் நாள் 4. நான்காம் நாள் 7. தினமும் இங்கே மதியம் இரண்டு மணிக்கு, அங்கே அவன் கடை திறக்கும் காலை ஒன்பதரைக்கு, அழைத்துச் சொல்வேன். "கிராவிட்டி எவ்வளவு காட்டுது?" என்பான். அளவைச் சொன்ன பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. பதினெட்டு வருடமாக எங்கள் பேச்சு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம். போன் கைமாறும். "எல்லாரும் நல்லா இருக்கோம், நீ?" "நல்லா இருக்கேன்ணே." மாதாமாதம் அம்மா கணக்குக்குப் பணம் போகும். அவ்வளவுதான்.

நான்காம் நாள் பேசும்போது பின்னால் கடைச் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தேன். பேட்டரியைத் தரையில் வைக்கும் சத்தம்கூட இல்லை.

"ஆளே இல்லையாண்ணே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். 2012-ல் ஊரெல்லாம் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது இன்வெர்ட்டர் வாங்க வரிசையில் நின்றார்கள். கடனுக்குச் சரக்கு எடுத்துக் குவித்தான். பிறகு கரண்ட் வந்துவிட்டது. "நல்ல விஷயம்தான, வேணாம்னு சொல்ல முடியுமா?" என்று சிரித்தான். இப்போது வருகிற வண்டி பேட்டரிகளுக்கு மூடியே கிடையாது. திறந்து பார்க்கவும் முடியாது, தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், தீர்ந்தால் தூக்கிப்போட்டுப் புதிது. அண்ணியின் நகை இரண்டு வருடமாக அடகில். முந்தைய வாரம் ஏல நோட்டீஸ் வந்திருக்கிறது.

"அம்மாகிட்ட சொல்லிராத."

நான் கொட்டகையில், அந்தச் செல்லுக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். மொத்தத் தொகையையும் அன்றே அனுப்புவதாகச் சொன்னேன். கோபப்பட்டான். "நான் உன்ட்ட பேட்டரி பத்திதான பேசினேன்? காசு கேட்டேனா?" வைத்துவிட்டான்.

மறுநாள் இரண்டு மணிக்கு அழைக்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அவனே அழைத்தான். "கிராவிட்டி சொல்லு." 1.215 என்றேன். "ம்." அப்புறம், "வட்டிய மட்டும் கட்டு. ஏலம் நிக்கட்டும். மீதிய நான் மாசாமாசம் கட்டிக்கிறேன்" என்றான். சரி என்றேன். அதற்கு மேல் அன்று இருவரும் பேசவில்லை. அன்று மாலையே வட்டிப் பணத்தை அனுப்பினேன், அம்மாவின் கணக்குக்கு அல்ல, முதன்முறையாக அவன் கணக்குக்கு.

எட்டாம் நாள் ஏழாவது செல் 1.245-ல் நின்றது. அடுத்தடுத்து மூன்று மணி நேரம் அளந்தும் ஏறவில்லை. அதற்கு மேல் வராது என்றான்.

அக்டோபரில் வெயில் நின்று காயத் தொடங்கியதும் வரிசை முழுவதையும் ஈக்வலைஸ் செய்தேன். காலையில் ஜெனரேட்டரை ஓட்டி நிரப்பிவிட்டு, கடைசி ஏற்றத்தைச் சூரியனிடம் விட்டேன். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டோம், அந்த வோல்ட்டை அது தாங்காது. நான்கு மணி நேரம் பன்னிரண்டு செல்களும் குமிழிவிடும் சத்தம், அடுப்பில் உலை கொதிப்பதுபோல. மாலையில் பதினொன்று 1.270-க்கும் 1.275-க்கும் இடையில். ஏழாவது 1.250. மற்றவற்றோடு அது சமமாகவில்லை. ஆனால் இடைவெளி 0.030-க்குள் வந்துவிட்டால் ஓட்டலாம். அந்தக் கோடையிலும் அடுத்த குளிர்காலத்திலும் இன்வெர்ட்டர் ஒரு முறையும் நிற்கவில்லை.

கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. மாதம் ஒரு பக்கம், பன்னிரண்டு கட்டம். ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் மாறிவிட்டது. அம்மாவிடம் சர்க்கரை அளவு கேட்கிறேன். அண்ணியிடம் முழங்கால் வலி. 'எல்லாரும் எப்படி இருக்கீங்க' என்று கேட்பதில்லை. கடைசியாக அண்ணன் வாங்குவான்.

"ஏழு எப்படி இருக்கு?"

"1.245. கொஞ்சம் இறங்கியிருக்கு. கடை?"

முன்பானால் 'ஓடுது' என்பான். இப்போது எண்ணைச் சொல்கிறான்.

"நேத்து நானூத்தி இருபது ரூபா."