விசையும் விரைவும்

கோடரியால் விறகு பிளப்போரின் தோள்வலியை அருகிருந்து கண்டவன் நான். ஆதலால், சிறு டிராக்டரின் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் விறகு பிளக்கும் கருவி எனக்கு உவகை தந்தது. அதனை இயக்கிய இளைஞரோ, வேகம் போதவில்லையென்று அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை முறுக்க முனைந்தார். தடுத்துக் கணக்கைக் கூறினேன்: "தம்பி, அழுத்தம் தருவது விசை; எண்ணெயின் பாய்வு தருவதே வேகம். 10 செ.மீ. விட்டமுள்ள உருளையில் 150 பார் அழுத்தம் ஏறத்தாழ 12 டன் விசையாகும். நிமிடத்திற்கு 20 லிட்டர் எண்ணெய் பாய்ந்தால், உந்துதண்டு 60 செ.மீ. நகர 14 நொடி ஆகும். வால்வை முறுக்கினால் வேகம் கூடாது; குழாய் வெடிக்கக்கூடும். சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுள் புகும்."

அவர் கையை விலக்கினார். கருவியின் இயல்பறிந்து பொறுத்தலும் உழைப்பின் ஒரு பகுதியே.