ஐம்பதாம் கட்டத்துப் பாம்பு

எங்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கிறிஸ்மசுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்தில் ஒரு சின்னச் சந்தை போடுவார்கள். பணியாரம், சுண்டல், தைத்த பை, பழைய புத்தகம். சேருகிற காசில் தெருவில் தனியாக இருக்கிற கிழவிகளுக்குச் சேலை. விளையாட்டு என்று பார்த்தால் வாளிக்குள் பந்து போடுவதும் வளையம் வீசுவதும்தான். போன தடவை வந்து நின்று, "அக்கா, புதுசா ஒண்ணு செய்யணும், செலவு ஆகக் கூடாது" என்றார்கள். பரமபதம் செய்வோம் என்றேன்.

பள்ளத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மனோரமா வளர்ந்த ஊர், செட்டிமார் வீடுகள் இருக்கிற ஊர். எங்கள் அப்பத்தாவுக்கு அந்த வீடுகளின் பின்வாசல் மட்டும் தெரியும். உள்ளே வளவில் ஆச்சிமார் பித்தளைத் தாயக்கட்டை உருட்டுவார்கள். கட்டை தரையில் விழுகிற சத்தத்தை வெளியே நின்று கேட்டே இவள் ஆட்டத்தைப் புரிந்துகொண்டாளாம். இன்றைக்கு அந்தக் கட்டைகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் என்று விலை போகின்றன. எங்களுக்குப் புளியங்கொட்டை. நாலு கொட்டையை எடுத்து ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரிகிற வரைக்கும் கல்லில் தேய்க்க வேண்டும். விழுகிறபோது எத்தனை வெள்ளையோ அத்தனை கட்டம், நாலும் கறுப்பாக விழுந்தால் எட்டு. அப்பத்தா சொல்லிக் கொடுத்த கணக்கு இது. "கறுப்புக்குத்தான்டி மதிப்புக் கூட" என்பாள்.

பலகைக்குக் காசில்லை. யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாளுக்குக் கட்டி, கிழிந்து தொங்கின பிளக்ஸ் ஒன்று கிடைத்தது. கழுவிக் காயப்போட்டு, தலைவர் முகத்தை மண்ணுக்குக் கொடுத்து, வெள்ளைப் பக்கத்தை மேலே விரித்தோம். பத்தடிக்குப் பத்தடி வெட்டி அடிக்கொரு கோடு போட்டால் நூறு கட்டம். காய் வேண்டாம், பிள்ளைகளே காயாக நிற்கட்டும் என்று முடிவு. கறுப்புப் பெயிண்ட் ஒரு டப்பா, ரெண்டு பிரஷ். மொத்தச் செலவு இவ்வளவுதான்.

பரமபதத்தில் கட்டம் போடுவது லேசு, பாம்புக்குப் பேர் வைப்பதுதான் பாடு. பழைய படங்களில் ராவணன், கம்சன், துரியோதனன் என்று பாம்புக்கெல்லாம் அசுரர் பேரும் கெட்டவர் பேரும் இருக்கும். மேலே வைகுண்டம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழித்து ஆடுவார்கள். அசுரன் என்று எழுதி வைத்தது யாரை என்பது இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாம்புகளை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. கோபம், பொறாமை, பொய் என்று ஞாயிறு பள்ளிப் பாடம் மாதிரி வைக்கலாம் என்றான் ஒரு பையன். பொறாமையால்தானா நம்ம சனம் கீழே கிடந்தது என்று கேட்டேன். பேசாமல் இருந்தான்.

1930 டிசம்பரில், சிவகங்கையும் சேர்ந்திருந்த அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆம்பளை முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு புழங்கக் கூடாது. பொம்பளை மாராப்புப் போடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினவர்கள் குடிசையைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த ஜூனில் தடை பதினொன்றாக மாறி வந்தது. அதில் நம் பிள்ளைகள் படிக்கவே கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பதும் ஒன்று.

எட்டுத் தடைக்கு எட்டுப் பாம்பு. பிள்ளைகளே பேர் எழுதினார்கள்: நகை, வேட்டி, சட்டை, கிராப்பு, பித்தளைக் குடம், மாராப்பு, பூ, குடையும் செருப்பும். ஏணிக்குப் பள்ளிக்கூடம், போர்டிங், சங்கம், சொந்த நிலம்.

சண்டை வந்தது ஞானஸ்நானத்தில். கிறிஸ்மஸ் என்பதால் 25-ஆம் கட்டத்தில் ஓர் ஏணி வைத்து ஞானஸ்நானம் என்று எழுதியிருந்தார்கள். சட்டம் படிக்கிற பெண் ஒருத்தி, "ஏணி சரிக்கா. ஆனா ஏறிப்போய் நிக்கிற இடம் 50-ஆம் கட்டம். அங்க ஒரு பாம்புத் தலை வேணும்" என்றாள். எல்லாருக்கும் புரிந்தது. 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதிக்கான இடமும் இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இல்லை. சேரி மட்டும் அதே சேரி. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் கட்டின ஊர்கள் இருக்கின்றன. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது, 2023 ஏப்ரலில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது.

ஏறின கட்டத்திலேயே பாம்பு என்பது ஆட்டத்தில் கிடையாது. ஆனாலும் வரைந்தோம். இருக்கிறதிலேயே பெரிய பாம்பு அதுதான்.

சேதி தெரிந்து சபைப் பெரியவர் ஒருவர் சாயங்காலம் வந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசினார். "ஏத்தா, சந்தைக்கு நாலு தெருச் சனமும் வரும், ஆபீசுல வேலை பாக்குறவுகளும் வருவாக. இங்க பாதிப் பேருக்குக் கோயில்ல ஒரு பேரு, சர்டிபிகேட்டுல ஒரு பேரு. இதைத் தெருவுல விரிச்சு வைக்கலாமா?" அவர் சொன்னதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று என்னால் தள்ள முடியவில்லை. 2024 நவம்பரில் ஒரு புதுச்சேரி வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மேல் செய்கிற மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேர் வைக்க வைத்த சட்டத்தை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. பெரியவருக்கு இதெல்லாம் தெரியும். அவர் பேத்தி காலேஜுக்குப் போகிற வருசம் அது.

பாம்பை அழிக்கச் சொல்லித்தான் வந்தார். அழிக்க மாட்டோம் என்றார்கள் பிள்ளைகள். ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசி, பாம்பு இருக்கட்டும், பேர் வேண்டாம் என்று ஆயிற்று. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் மாட்டிக்கொள்ளப் போவது நானில்லையே, அந்தப் பிள்ளைகள்தானே.

சந்தையன்று ஆட்டம் அஞ்சு ரூபாய், ஜெயிச்சால் கடலை மிட்டாய். முதல் பையன் சேற்றுச் செருப்போடு வந்து நின்றான். வெள்ளை பிளக்ஸ். செருப்பைக் கழட்டுடா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. செருப்புப் பாம்பு அவன் காலுக்கு நாலு கட்டம் தள்ளித்தான் படுத்திருந்தது. "அப்படியே ஏறு" என்றேன். மத்தியானத்துக்குள் பிளக்ஸ் முழுக்கச் செருப்புத் தடம்.

"குடை பிடிச்சா ஏன் பாம்பு கடிக்கும்?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து பதில் சொன்னாள். அவள் அம்மா ரவிக்கை போட ஆரம்பித்த கதையை அன்றைக்குத்தான் நானும் முழுசாகக் கேட்டேன். 25-இல் விழுந்தவர்கள் கைதட்டிக்கொண்டு ஏணியில் ஓடினார்கள், உடனே சறுக்கி வந்தார்கள். "ஏத்திவிட்டு இறக்குனா எப்படிக்கா, இது கள்ளாட்டம்" என்று ஒருத்தி அழுதேவிட்டாள். அந்தப் பாம்புக்குப் பேரென்ன என்று கேட்காத பிள்ளை இல்லை. சுற்றி நின்ற பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுண்டல் கடையிலிருந்து ஒரு அம்மா, "அது ஆபீஸ் பாம்புடா" என்று சத்தமாகச் சொன்னாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பொங்கலுக்கு அந்த பிளக்ஸைக் கேட்டு வந்தது என் ஒன்றுவிட்ட தம்பி. அவன் வீட்டில் யாரும் மதம் மாறவில்லை, மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். விரித்துப் பார்த்துவிட்டு, "அம்பதுல இருக்கிற பாம்பு எங்களைக் கடிக்காதே, அதை மறைச்சுட்டு ஆடிக்கவா?" என்றான்.

"மத்த எட்டும் ஒனக்கும் எனக்கும் ஒண்ணுதான்டா. மறைக்காம ஆடுங்க" என்றேன். சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனான். புளியங்கொட்டையை மறந்துவிட்டான் என்று அப்பத்தா பின்னாலேயே ஒரு பிள்ளையை ஓடவிட்டாள்.