திங்கட்கிழமை மனு

சேவை செய்யக் கிளம்பியவள் இல்லை நான். 1991-ல் பிளஸ் டூ முடித்திருந்தேன். காலேஜுக்கு அனுப்புவதா, மாப்பிள்ளை பார்ப்பதா என்று வீட்டில் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அப்போதுதான் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கத்துக்குத் தொண்டர்கள் வேண்டும் என்று ஊருக்குள் வந்து கேட்டார்கள். சாயங்காலம் கொஞ்ச நேரம் வாசல் தாண்டலாம் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தே ஒரு பெண், அவரே ஊர் ஊராகச் சுற்றுகிறார், நாம் எந்த வாயால் வேண்டாம் என்பது என்று அப்பா சரி சொல்லிவிட்டார்.

கேரளத்தில் எர்ணாகுளம் 1990-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகியிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எங்கள் புதுக்கோட்டையில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து இறங்கினார்கள். அரசாங்கமும் இயக்கக்காரர்களும் ஒரே ஜீப்பில் வந்து இறங்குவதை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் வேலை வீடு வீடாகக் கணக்கெடுப்பது. 9 வயதிலிருந்து 45 வரை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பட்டியல். எங்கள் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னைய ஏண்டி எழுதல?" வயது கூடிப்போச்சு என்றேன். "கெழவிக்குக் கண்ணு தெரியாதுன்னு கவுருமெண்டே முடிவு கட்டிருச்சாக்கும்." பட்டியலில் பெயர் இல்லாமலே தினமும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். படித்ததைவிட மற்றவர்களை அதட்டியதுதான் அதிகம்.

அரிக்கேன் விளக்கு, பலகை, முதல் பாடத்தில் பட்டா, படி. 'அ'வில் தொடங்காமல் பட்டாவில் தொடங்கவைத்தவர்கள் ஊர் நிலவரம் தெரிந்தவர்கள்தான். கூலி வேலைக்குப் போகும் ஓர் அக்கா பலகையைப் பார்த்துக் கேட்டார்: "இத எழுதக் கத்துக்கிட்டா எனக்கு நெலம் வந்துருமா, டீச்சர்?" எனக்கு வயது பதினேழு. பயிற்சியில் இதற்கெல்லாம் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பு புத்தகத்தை விட்டு விலகித்தான் நடந்தது. ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது, கூலிக் கணக்கில் எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்று அவரவர் கொண்டுவந்ததைப் படித்தோம்.

கல்குவாரிப் பக்கம் இது இன்னும் தீவிரம். அந்தக் காலத்தில்தான் மாவட்டத்தில் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். நேற்றுவரை காண்ட்ராக்டர் சொன்ன கணக்குக்குக் கல் உடைத்தவர்கள் இப்போது லாரிக் கணக்கைத் தாங்களே எழுத வேண்டும். தப்பாக எழுதினால் காசு போகும். அங்கே வகுப்புக்கு வாருங்கள் என்று யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை என்று அந்தப் பக்கத்துத் தொண்டர்கள் சொல்வார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் பழகிய கதை எல்லோருக்கும் தெரியும், பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி உலகமே படித்துவிட்டது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை வீதிகளை நிறைத்தார்கள். எனக்கு அதைவிட நினைவில் நிற்பது கண்மாய்க்கரையில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும், டீக்கடை பெஞ்சிலிருந்து வந்த நக்கலும்தான். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, பார் வைத்த வண்டிதான். அப்புறம் பெண்களே பார் இருக்கிற வண்டிதான் வேண்டும் என்றார்கள், பிள்ளையை அதில் உட்காரவைக்கலாம் என்று. சைக்கிள் இருந்ததால்தான் தலித் மக்களின் காலனியில் நடந்த வகுப்புக்கும் நானே போக முடிந்தது.

காலனியில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தேன் என்ற சேதி எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. அப்பத்தா என்னைக் கொல்லைப் பக்கம் நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டாள். தன்னைப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று சண்டை போட்ட அதே அப்பத்தா. அவளை ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை, பரிந்து பேசவும் முடியவில்லை. மறுநாளும் போனேன், குடித்தேன், குளித்தேன். சில நாளில் அவளுக்குத்தான் அலுத்துப்போனது. மனம் மாறினாள் என்று சொல்லமாட்டேன். அவ்வளவு தண்ணீர் இறைக்க அவளுக்குத் தெம்பில்லை.

காலனிக்காரர்கள் தண்ணீருக்கு ஊர்க் கிணறு வரை வந்து, யாராவது இறைத்து ஊற்றும்வரை தள்ளி நிற்க வேண்டியிருந்தது. கைபம்பு கேட்டு மனு கொடுப்போம் என்ற யோசனை என்னுடையதல்ல, வகுப்பில் வந்தது. எழுதியது மட்டும் நான். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். வரிசை நீளம். எங்கள் பெண்கள் ஒவ்வொருவராக, மேசையில் முழங்கையை ஊன்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பெரியம்மா பாதியில் புள்ளி விட்டுப்போனதென்று அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "நேரமாகுது, ரேகையை வச்சுட்டுப் போங்கம்மா" என்று மைப்பெட்டியைத் தள்ளினார் ஒருவர். பெரியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பம்பு வந்தது. காலனிக்குள் அல்ல, ஊருக்கும் காலனிக்கும் நடுவில், ஊரை ஒட்டி. அங்கேயும் ஊர்க்காரர்களின் குடங்களே முன்னால் நின்றன. அடுத்த மனுவை அந்தப் பெரியம்மாவின் மகளே எழுதிக்கொண்டு வந்தாள். 'தண்ணீர்' என்பதில் எழுத்துப் பிழை. திருத்தப் பேனாவை எடுத்தேன். தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மொதல்ல தண்ணியக் குடுக்கட்டும் டீச்சர். பெறகு திருத்திக்குவோம்."