எழுபதாயிரமும் ஒரு பழைய ஃபியட்டும்

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல்)

"கார் வாங்கப் போறேன்டா" என்று நான் சொன்னபோது ஹாஸ்டலில் ஒருத்தன்கூட நம்பவில்லை. இரண்டு மாத மெஸ் பில் பாக்கி வைத்திருப்பவன் கார் வாங்குகிறேன் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் கையில் எழுபதாயிரம் இருந்தது நிஜம். அதில் நாற்பது, மூன்று வருட லீவிலும் பட்டறையில் கிரீஸ் துடைத்து நானே சேர்த்தது. மீதி முப்பது அம்மா தந்தது. சும்மா தரவில்லை. மகளிர் குழுவில் கடன் எடுத்து, நான் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேருவதற்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பணம். "அட்மிஷனுக்குள்ள திருப்பி வச்சிருவேன்" என்று சத்தியம் பண்ணித்தான் வாங்கினேன்.

அந்தப் பணத்தில் பழைய பைக் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டார்கள். எனக்கு வேண்டியது ஊர் சுற்ற வண்டி இல்லை, பிரித்துப் போட்டு மாட்ட ஒரு வண்டி. அதுவும் பின் சக்கரம் தள்ளுகிற வண்டி.

நம் வொர்க்‌ஷாப் கதவோரம் துருவேறி நிற்கிறதே ஒரு கட்-செக்‌ஷன் சேஸிஸ், முதல் வருடம் அதன் முன்னால் நின்றபோது பிடித்த பைத்தியம் இது. இஞ்சின், அதன் பின்னால் கிளட்ச், கியர் பாக்ஸ், அங்கிருந்து நீளமாக ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், கடைசியில் வயிறு உப்பிய டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் ஆக்ஸில். புத்தகத்தில் எந்த வரிசையில் பாடம் இருக்கிறதோ அதே வரிசையில் வண்டியும் படுத்திருக்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை நம் ரோட்டில் ஓடிய அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு எல்லாமே இந்த ஜாதிதான். மாருதி 800-இல் இஞ்சின் குறுக்கே திரும்பிப் படுத்துக்கொண்டது. கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் குடித்தனம். இடம் மிச்சம், எடை மிச்சம், பெட்ரோல் மிச்சம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கற்றுக்கொள்கிறவனுக்குக் கை நுழைய இடமில்லை! பழைய வண்டியில் கீழே படுத்து நாலு போல்ட் கழற்றினால் ஷாஃப்ட் தனியாகக் கையில் வந்துவிடும்.

("டிரிஃப்ட் அடிக்கலாமாடா?" என்று கேட்ட ரூம்மேட்டுக்கு ஒரு பதில்: நாற்பது குதிரை சக்தியை வைத்துக்கொண்டு மழை பெய்த களத்துமேட்டில் வேண்டுமானால் அடிக்கலாம்.)

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அலைந்தேன். முதல் ஆசை காண்டெஸா. நீளமான மூக்கு, இசுசூ 1.8 லிட்டர் இஞ்சின்... 2002-உடன் நின்றுபோன வண்டிக்கு இன்றைக்கு இருக்கிற மவுசைக் கேட்டதும் ஆசை அங்கேயே செத்தது. அடுத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் சென்னையிலேயே செய்த கார். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முழு முகமே முன்பக்கம் கவிழும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டு இஞ்சின் வேலை பார்க்கலாம். அழகு என்றால் அதுதான் அழகு. ஆனால் ஒரு சாமானுக்கு ஆறு மாதம் தேட வேண்டும். புதுப்பேட்டையில் சலித்தாலும் கிடைத்தால் உண்டு.

அம்பாசிடர் கிடைத்தது. டாக்சியாக ஓடிய டீசல். எருமை மாதிரி நின்றது, எருமை மாதிரியே புகைத்தது. டி போர்டை ஓன் போர்டாக மாற்றாமல் வைத்திருந்தார்கள். அந்த வேலையும் என் தலையில் விழும் என்று தெரிந்ததும் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

புத்தி சொன்னது ஆம்னி. பலருக்கு இது தெரியாது: ஆம்னியும் பின் சக்கர வண்டிதான். 800-இல் இருக்கும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர். அதை முன் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் போட்டு, ஷாஃப்ட் வைத்துப் பின்னால் தள்ளுகிறார்கள். 2019 வரை வந்ததால் எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும். அப்பாவும் அதைத்தான் சொன்னார். "ஆம்னின்னா நாலு சவாரியாச்சும் போலாம். வாங்குன காசு திரும்பும்." நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா லாரி டிரைவர். சொந்தமாக ஒரு லாரி வாங்கி, 2019-இல் டியூ கட்ட முடியாமல் அதை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. கோழிப்பண்ணையில் வாட்ச்மேன் வேலை. வீட்டில் வண்டிப் பேச்சு எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். நான் ஆட்டோமொபைல் எடுத்ததுகூட அவருக்குப் பிடித்திருக்கவில்லை.

சேலத்தில் ஒரு புரோக்கர் பிரீமியர் பத்மினி காட்டினார். (பெயர் பத்மினி என்று மாறி எத்தனையோ வருடம் ஆனாலும் நம் ஊரில் அது ஃபியட்தான்.) ஆகாய நீலம். பளபளவென்று பாலீஷ். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் கம்பி. அறுபத்தெட்டாயிரம். கையோடு கொண்டுபோன காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதியில் வைத்தேன். ஒட்டவில்லை, பொத்தென்று விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் முழுக்கப் பட்டி! தனியாகச் சேஸிஸ் இல்லாத, பாடியே எல்லாப் பளுவையும் தாங்குகிற வண்டி அது. அடித்தகரம் அரித்தால் வண்டியின் எலும்பே அரித்த மாதிரி. வகுப்பில் படித்ததுதான். பரீட்சையில் எழுதியதுதான். இருந்தும் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். நிறம் அப்படி, நண்பர்களே.

அன்று ராத்திரி அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். விடியற்காலை நான் பல் தேய்க்கும்போது அப்பா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். "ரெண்டாயிரம் கொடுத்தியாமே. வா, போய்ப் பாக்கலாம்."

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

புரோக்கர் "நீங்களே ஓட்டிப் பாருங்கணா" என்று சாவியை நீட்டினார். அப்பா ஒரு நிமிடம் சாவியையே பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். பல வருடம் கழித்து உட்கார்ந்தவர், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி கிளட்சை எடுத்தார். கிளம்பும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். "ஜாயிண்ட் கிராஸ்" என்றார், என்னைப் பார்க்காமலே. பைபாஸில் ஐம்பதைத் தொட்டதும் பின்னாலிருந்து ஒரு ஊளை. ஆக்சிலரேட்டரில் கால் கொடுத்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறொரு சுருதி. நியூட்ரலில் விட்டு ஓட்டினார், அப்போதும் ஊளை நிற்கவில்லை. "இஞ்சின் இல்ல. கிரவுன் பினியன் அழுவுது. கேக்குதா?" கேட்டது. மூன்று வருடமாக டிஃபரன்ஷியல் படம் வரைகிறேன், அது அழும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

திரும்பி வந்து ஆர்.சி. புக்கைக் கேட்டார். காலாவதியாகி ஐந்து வருடம். பதினைந்து வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது. இருபது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் இன்னும் ஏற்றினார்கள். லேட்டுக்கு அபராதம் தனி. அதைக்கூடக் கட்டிவிடலாம், ஆனால் இஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. "இஞ்சின் கெட்டா நீ செஞ்சுக்குவ. பேப்பர் கெட்டா யாரு செய்வா?" என்று மட்டும் சொன்னார். என் இரண்டாயிரம் போனது போனதுதான். புரோக்கர் அதற்குள் டீ சொல்லிவிட்டு எங்கோ காணாமல் போயிருந்தார்.

அதன் பிறகு வண்டி தேடுவது எங்கள் இருவர் வேலையும் ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்து ராசிபுரம் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் இன்னொரு பத்மினி. 1996 மாடல். கிரீம் நிறம் என்று சொல்ல வேண்டும், மாட்டுக்கொட்டகைப் புழுதி நிறம் என்பதே சரி. காந்தம் எங்கு வைத்தாலும் ஒட்டியது. ஆர்.சி. 2028 வரை செல்லும். ஜாக்கி போட்டுப் பின் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தோம், லூஸ் அதிகமில்லை. ஐம்பதில் ஓட்டினால் பின்னால் சத்தமே இல்லை. ஆனால் சைலன்சரில் நீலப் புகை!

நம் லேபிலிருந்து சார் அனுமதியோடு எடுத்துப் போயிருந்த கம்ப்ரஷன் கேஜை மாட்டினேன். 118, 120, 70, 114. மூன்றாம் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றினேன். 70 என்பது 100-ஐத் தாண்டியது. ஆயில் விட்டதும் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாமலே இருந்தால் வால்வு. ரிங்தான். அப்பா கேஜை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நல்லாருக்கே" என்றார். பாலிடெக்னிக்கில் நான் படித்த எதையும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

இஞ்சின் போன வண்டி, விலையைக் குறையுங்கள் என்று ஐம்பத்தைந்தில் ஆரம்பித்து நாற்பத்தெட்டில் முடித்தோம். எனக்கு வேண்டியதே பிரித்து மாட்ட ஒரு இஞ்சின்தானே! வாத்தியார் 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போடும்போது அப்பா மெல்ல ஒரு விஷயம் சொன்னார். சின்ன வயதில் கிளீனராக இருந்தபோது முதலாளியின் ஃபியட்டைத் தினமும் துடைப்பாராம். ஓட்ட விட்டதில்லையாம்.

ஆம்னியைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.

இப்போதைய நிலவரம்: பிளாக்கை நாமக்கல் லேத்தில் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாகிவிட்டது. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எல்லாம் மாற்றினேன், இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றை அரிக்கும் என்பதால். கையில் மிச்சம் ஆயிரத்து முந்நூறு. அம்மாவின் முப்பது இன்னும் முப்பதாகவே இருக்கிறது. கேம்பஸில் தேர்வானால் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு அடுத்த வருடம் பி.இ. என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, பானெட் மேல் மிளகாய் காயப்போட்டிருக்கிறாள். அப்பா நைட் டியூட்டிக்குப் போகும் முன் கால் மணி நேரம் இஞ்சின் இல்லாத வண்டியில் உட்கார்ந்து கியர் கம்பியை மேலும் கீழும் போட்டுப் பார்க்கிறார்.

அடுத்த ஞாயிறு இஞ்சினை உள்ளே இறக்குகிறோம். செயின் பிளாக் இருக்கிறது, பிடிக்க ஆள்தான் குறைவு. நாலு பேர் வந்தால் போதும். பழைய சட்டை போட்டு வாருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.