ஐயவியும் கருகலும்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். தாளிக்கிற கடுகுக்கு அது பொருந்தும். எண்ணெய்க்கென்றே ஏக்கர் கணக்கில் கடுகு விதைக்கும் ராஜஸ்தானத்து உழவரிடம் இதைச் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அங்கே கடுகு சிறுத்தால் செக்கில் எண்ணெய் குறையும், மண்டியில் விலை குறையும். அப்படிச் சிறுக்கச் செய்யும் பிணிகளுள் முதன்மையானது இலைக்கருகல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆக்ராவில் நடந்த ஒரு கருத்தரங்குக்குச் சென்றிருந்தபோது, பக்கத்திலிருக்கும் பரத்பூருக்கும் ஒருநாள் போய்வந்தோம். தை மாதம், சாலையின் இருமருங்கும் மஞ்சள் பூத்துக் கிடந்தது. வண்டியை நிறுத்தி வயலில் இறங்கி அடியிலை ஒன்றைப் புரட்டிப் பார்த்தோம். வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்பு வளையங்கள். வில்லாளர் குறிபார்க்கும் இலக்குப் பலகையைச் சிறிதாக்கி ஒட்டியது போலிருந்தது. வயலுக்குரியவர் இலையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

அவர் பார்வைக்குக் காரணமுண்டு. ஆல்டர்நேரியா பிராசிகே என்னும் பூஞ்சையின் வித்துகள் காற்றில் வருகின்றன. இலைமேல் ஈரம் தங்கினால்தான் அவை முளைக்கும். வானம் மூடித் தூறல் விழுந்தால் நோய் அடியிலையிலிருந்து மேலேறித் தண்டையும் காயையும் பற்றும். காயைப் பற்றிய கருகலே கொடிது. காய் காலத்துக்கு முன்பே முற்றி வெடிக்கும். உள்ளிருக்கும் விதை சுருங்கும். இந்தியாவில் 47 விழுக்காடு வரை விளைச்சல் அழிந்ததாகப் பதிவுகள் உள்ளன. உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து வாங்கும் நாடு இது.

நோயைத் தாங்கும் கடுகை ஏன் இன்னும் உருவாக்கவில்லை என்று கேட்கலாம். நாமும் கேட்டோம், விடையைத் தேடிப் படித்தபோதுதான் இந்தப் பூஞ்சையின் சூழ்ச்சி விளங்கியது. பல நோய்களில், கிருமி நுழைந்த இடத்துச் செல்களைச் செடி தானே கொன்றுவிடும். உயிருள்ள செல்லை நம்பி வாழும் கிருமி அத்தோடு பட்டினி கிடந்து மாயும். ஊருணியைத் தூர்த்துவிட்டுக் கோட்டைக்குள் அடைந்துகொள்வதைப் போன்ற உத்தி அது. ஆல்டர்நேரியாவிடம் அது செல்லாது. அது செல்லைக் கொன்று, செத்ததைத் தின்பது. செடி தன் செல்லைத் தானே கொன்றால் பகைவனுக்கு விருந்து வைத்ததாகவே முடியும். ஒற்றை மரபணுவைக் கொண்டுவந்து கடுகைக் காப்பது அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அது கொல்லும் கருவிகளுள் ஒன்று டெஸ்ட்ரக்சின் பி என்னும் நஞ்சு. கனடாவின் சஸ்காட்செவான் பல்கலைக்கழகத்தில் பெட்ராஸ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு நம்மை மிகவும் ஈர்த்தது. வெண்கடுகு இந்த நோயை நன்றாகத் தாங்கும் செடி. அது நஞ்சை விரைவாக வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. நம் கடுகும் அதே மாற்றத்தைச் செய்கிறது, ஆனால் மெதுவாக. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. மாறிய அப்பொருளே வெண்கடுகினுள் பூஞ்சைக்கு எதிரான வேதிப்பொருள்களைச் சுரக்கத் தூண்டுகிறது. எய்த அம்பைப் பிடுங்கி, அதையே போர்ப்பறையின் கோலாக்கிக் கொண்டது போல! நம் கடுகில் அந்தப் பறை ஒலிப்பதில்லை.

தமிழ் படித்தவர்க்கு இங்கே ஐயவி நினைவுக்கு வராமல் போகாது. அகராதிகள் ஐயவிக்கு வெண்சிறுகடுகு என்றே பொருள் தருகின்றன. புண்பட்ட வீரன் கிடக்கும் மனையில் காவலுக்காக ஐயவியைத் தூவுவதைப் புறநானூற்றின் 281ஆம் பாடல் காட்டும். பெயர் ஒத்திருப்பதைக் கொண்டு செடியும் ஒன்றே என வாதிடும் வேலையில் நாம் இறங்கப்போவதில்லை. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்னும் பேச்சும் நமக்கு உவப்பானதன்று. ஆயினும் வகுப்பில் அப்பாடலுக்கு வரும்போதெல்லாம் நஞ்சை மாற்றும் இச்செடியைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லிவிடுகிறோம். மாணவர்கள் அன்று மட்டும் மணியைப் பார்ப்பதில்லை.

வெண்கடுகின் அந்த ஆற்றலைக் கடுகுக்கு ஊட்டுவது எளிதன்று. கடுகின் குரோமோசோம்கள் 36, வெண்கடுகினுடையவை 24. மகரந்தத்தைத் தூவிக் கலப்பினம் பெறுவது கடினம். எனவே இரண்டின் செல்களையும் சுவர் நீக்கி ஒன்றோடொன்று இணைத்துச் செடியாக வளர்த்திருக்கிறார்கள். தில்லியிலும் இப்பணி நடந்திருக்கிறது. அப்படிப் பிறந்த கலப்பினங்களில் நோயெதிர்ப்பு தென்பட்டது. அதன்பின் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கடுகோடு மீண்டும் மீண்டும் சேர்த்து, வேண்டாத பண்புகளைக் கழித்து, எண்ணெயும் விளைச்சலும் குன்றாத கடுகாக ஆக்கவேண்டும். ஆய்வுக்கூடத்துச் செடிக்கும் மண்டிக்கு வரும் மூட்டைக்கும் இடையிலுள்ள தொலைவு அது.

அதுவரை உழவர் கையில் இருப்பவை சில. நோயுற்ற சருகை வயலில் விட்டுவைக்காமல் அகற்றலாம். புள்ளி கண்டதும் மேன்கோசெப் தெளிக்கலாம். அதற்குக் காசு வேண்டும், தெளித்தபின் மழை பெய்யாமலும் இருக்கவேண்டும். எல்லாவற்றினும் மலிவானது அக்டோபரிலேயே விதைத்துவிடுவது. பிந்தி விதைத்த பயிரையே கருகல் கடுமையாகத் தாக்கும். நிலத்தில் ஈரம் இருந்து, முந்தைய பயிரும் வேளையோடு அறுவடையாகியிருந்தால் அது கைகூடும்.