பலம் விற்ற கடைகள்

கிள்ளிப்பாலம் பக்கம் லாரி வந்து நின்றதும் நூறு கிலோ சீனி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கூட்டத்தைக் குரலாலேயே விலக்கியபடி ஆரியசாலை தாண்டிப் போகும் சுமட்டுக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருப் பிள்ளைகளுக்குப் பயில்வான் என்றால் அவர்கள்தான். தலையில் சுருட்டி வைத்த தோர்த்து, கையில் கொக்கி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி. முதுகில் வியர்வை வழியும்போது ஒவ்வொரு தசையும் தனித்தனியாகத் தெரியும். இன்று பிள்ளைகள் மாதச் சந்தா கட்டி, கண்ணாடி முன்னால் நின்று உண்டாக்கப் பார்க்கிற உடம்பு அது. அவர்கள் அதை ஆசைப்பட்டு வளர்க்கவில்லை. மூட்டை வளர்த்தது. கழுத்தும் முட்டும் தேய்ந்து, வயதாகும் முன்பே திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு. கேரளத்தில் 1978-ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான் அந்த உழைப்புக்கு ஒரு பாதுகாப்பு கிடைக்க வழி பிறந்தது.

அவர்கள் சாப்பிட்டதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். காலையில் பழங்கஞ்சி, காந்தாரி மிளகாய், முந்தின நாள் மீன்கறியின் மிச்சம். வெயில் ஏறும்போது வேகவைத்த மரச்சீனி. மத்தியானம் கஞ்சியும் பயறும். மரச்சீனி இந்த நாட்டு ஏழைகளின் தட்டுக்கு வந்ததில், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது பல குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது அந்தக் கிழங்குதான். அதில் மாவுச்சத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் மீன் துணைக்கு வந்தது. கஞ்சிக்குப் பயறு துணை. அரிசியில் குறைவான லைசின் பயறில் நிறைய இருக்கிறது. பயறில் குறைவான மெத்தியோனைன் அரிசியில் கிடைக்கிறது. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போனால் புரதம் முழுமையாகிறது. இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாத பெண்கள் வைத்த கஞ்சிதான் சாலையின் மூட்டைகளை எல்லாம் தூக்கியது.

சாலை, கார்த்திகைத் திருநாள் தர்மராஜா காலத்தில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய கடைத்தெரு. கிழக்குக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு, கோட்டாறு போகும் பாதையோடு சேர்ந்துகொண்டது. அந்தப் பாதை வழியாகத் தமிழ் வணிகர்கள் வந்தார்கள். நாஞ்சில் நாட்டு நெல்லும் கருப்பட்டியும் வண்டியேறி வந்தன. 1956-ல் மொழிவழி மாநிலம் பிரிந்து கோட்டாறு தமிழ்நாட்டுக்குப் போன பிறகும் சாலையில் தமிழ்ப் பேச்சு நிற்கவில்லை. ஆ. மாதவன் இந்தத் தெருவிலேயே கடை வைத்துக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னாலிருந்தே ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதினார். 2015-ல் அவருக்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 2021 ஜனவரியில் மறைந்தார். சுமடு தூக்குகிறவன், கடைச் சிப்பந்தி, நடைபாதையில் பிழைக்கிறவன் என்று அவர் கதைகளில் வருகிற மனிதர்களை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலர் எங்கள் கடைக்கும் கடன் சொல்லியிருப்பார்கள்.

எங்களுடையது பலசரக்குக் கடை. காணம், தொலி உளுந்து, கொண்டைக்கடலை, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் வாசலிலேயே திறந்த சாக்கிலும் டின்னிலும் இருக்கும். வாங்க வருகிறவர் முதலில் சாக்குக்குள் கையை விடுவார். ஒரு கடலையை எடுத்துக் கடிப்பார். எண்ணெயை உள்ளங்கையில் ஒரு துளி விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பார். கருப்பட்டியை உடைத்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் விலை. அப்பா அதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கடித்துப் பார்க்காமல் வாங்குகிறவரைத்தான் அவர் கொஞ்சம் கவலையோடு பார்ப்பார்.

சிறு பிள்ளைகள் துண்டுச்சீட்டோடு வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி: “ஆருக்கு மக்களே?”

வயசுக்கு வந்த அக்காவுக்கு என்றால் தொலி உளுந்தில் நல்லதைப் பொறுக்கி எடுப்பார். உளுந்தங்களி கிண்டக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் எவ்வளவு வேண்டும் என்று சீட்டில் எழுதாததையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார். பிள்ளை பெற்றவளுக்கு என்றால் வேறு சரக்கு. இளைத்துப் போன தாத்தாவுக்குக் காணம் கேட்டு வந்தால், “அவருக்குச் சூடு தாங்குமா, அம்மையிட்ட கேட்டுட்டு வா” என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. விற்காமல் அனுப்பியதால் கடைக்கு நஷ்டம் வந்ததாக அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

எங்கள் கடைக்குச் சற்றுத் தள்ளி அங்காடி மருந்துக் கடைகள். அந்த வாடைக்காகவே நான் அங்கே போய் நிற்பேன். தசமூலம், குறுந்தோட்டி, நிலப்பனைக் கிழங்கு, பால்முதுக்கன் கிழங்கு, பூனைக்காலி விதை, அமுக்கரா. சுவர் நிறையச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள்; எதில் எது என்று எழுதி ஒட்டியிருக்காது, கடைக்காரரின் கைக்குத் தெரியும். கர்க்கடக மாதம் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் மருந்துக் கஞ்சிக்கு ஞவரை அரிசியும் ஆசாளியும் வெந்தயமும் வாங்கக் கூட்டம் நிற்கும். வேலை இல்லாத, பசியுள்ள மாதம் அது. உடம்பைத் தேற்றிக்கொள்ள அந்த மாதத்தையே நம் ஆட்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெரிய சீனபரணிகளில் லேகியம் இருக்கும். ஆட்டிறைச்சியைச் சேர்த்துக் காய்ச்சும் அஜமாம்ச ரசாயனம்கூட உண்டு. இளைப்பு நோய்க்காரர்களுக்கும் உடம்பு தேறாத பிள்ளைகளுக்கும் அதை வாங்கிப் போவார்கள். புரதம் என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் முன்பே அதன் ருசி எங்கள் நாக்கில் இருந்தது. கறுத்து, கசந்து, கடைசியில் இனித்தது.

அந்த இழுப்பறைகளில் பறங்கிப்பட்டையும் இருந்தது. சீனத்துக் கிழங்கு அது. கப்பலேறி இந்தக் கரைக்கு வந்து, கோவாவிலிருந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-ல் அச்சிட்ட மருந்து நூலில் தனி இடம் பிடித்திருக்கிறது. சீனாவிலிருந்து வந்த சரக்கை உடம்பு தேற வாங்குவது சாலைக்குப் புதிதில்லை.

கிழக்குக்கோட்டையில் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் 1956-ல் தொடங்கிய சி.வி.என். களரி கூப்பிடு தூரத்தில்தான். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய செம்மண் தளம், நாற்பத்திரண்டு அடி நீளம், இருபத்தொரு அடி அகலம் என்று களரிக்கென்று ஒரு கணக்கு உண்டு. எண்ணெய் பூசிய உடம்போடு பிள்ளைகள் அதில் இறங்கிச் சுவடு வைப்பதைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. சாலையிலும் ஒரு சின்னக் கூடம் இருந்தது. இரும்புத் தட்டுகள், ஒரு பெஞ்சு, சுவரில் ஆஞ்சநேயர் படம். அங்கே போகிற அண்ணன்மார்கள் ராத்திரி டம்ளரில் கொண்டைக்கடலை ஊறப்போட்டு, காலையில் அதைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, கையில் காசிருந்த நாளில் இரண்டு முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றிக்கொள்வார்கள். மேலுக்கு ஏத்தன்பழம். அவ்வளவுதான் அவர்களுடைய ஆகாரத் திட்டம். அந்தக் கூடத்தின் இடத்தில் இப்போது செல்பேசி உறை விற்கிறார்கள்.

என் தங்கை மகன் நகரத்தில் ஒரு பெரிய ஜிம்முக்குப் போகிறான். அவன் அறையில் வாளி அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா. “மாமா, ஒரு ஸ்கூப்புக்கு 24 கிராம் புரோட்டீன்” என்று காட்டினான். பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் தெளிநீரிலிருந்து எடுக்கும் வே புரதம் அது. மேற்கு நாடுகளில் ஒரு காலத்தில் பன்றிக்கு ஊற்றினார்கள், நிலத்தில் கொட்டினார்கள். நல்ல பொருள்தான், சீக்கிரம் செரிக்கும், தசைக்கு வேண்டிய லூசின் அதில் நிறைய. அதைக் குடிக்கிற பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூட்டை தூக்காமல் உடம்பை வைத்துக்கொள்ள முடிகிற தலைமுறை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தால் சாக்லேட் வாசம் மட்டும் வருகிறது. உள்ளே இருப்பது எது என்று மூக்கும் சொல்லவில்லை, பல்லும் சொல்லவில்லை.

இந்தத் தவிப்பைச் சீனர்கள் நம்மைவிடக் கொடுமையாக அனுபவித்திருக்கிறார்கள். 2008-ல் அங்கே குழந்தைகளுக்கான பால் பொடியில் மெலமைன் கலந்தார்கள். பாலில் புரதம் எவ்வளவு என்று பார்க்கும் வழக்கமான சோதனை நைட்ரஜனைத்தான் அளக்கும்; மெலமைனில் நைட்ரஜன் அதிகம். தண்ணீர் விட்ட பாலும் சோதனையில் கெட்டிப் பாலாகத் தேறியது. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். ஆறு பிஞ்சுகள் இறந்தன. அதே ஆண்டில்தான் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் நடந்தது. அதன் நினைவாக அடுத்த ஆண்டு முதல் ஆகஸ்ட் 8-ஐ உடற்பயிற்சி நாளாக அரசு அறிவித்தது. ஊரெங்கும் ஜிம்கள் வந்தன, ஓடுகிறவர்கள் பெருகினார்கள், புரதப் பொடிக்குப் பெரிய சந்தை உண்டானது. ஆனால் சொந்த நாட்டு டப்பாவின் மேல் போன நம்பிக்கை எளிதில் திரும்பவில்லை. பெற்றோர் ஹாங்காங் போய்ப் பால் பொடியை அள்ளிக்கொண்டு வந்ததில், 2013 மார்ச்சில் ஆளுக்கு இரண்டு டப்பாதான் என்று அங்கே சட்டம் போட வேண்டி வந்தது. உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களும் வெளிநாட்டுப் பெயரைத்தான் தேடினார்கள். 1935-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு சின்ன ஆரோக்கிய உணவுக் கடையாகத் தொடங்கி, உலகமெங்கும் கிளை விட்ட ஜி.என்.சி. நிறுவனம் 2020-ல் நொடித்துப் போனபோது, அதை வாங்கியது சீனாவின் ஹார்பின் மருந்து நிறுவனம்.

இங்கேயும் கதை அந்தத் திசையில்தான் போகிறது. கொச்சிப் பக்கம் பணியாற்றும் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி ஃபிலிப்ஸும் உடன் ஆய்வாளர்களும் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ எழுபது விழுக்காட்டில் லேபிளில் போட்ட புரத அளவு சரியில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. அதைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் சாக்குகள்தான் ஞாபகம் வந்தன. அந்தக் காலத்துச் சரக்கெல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். மிளகில் பப்பாளி விதை கலந்தவர்களும் நம் கடைத்தெருக்களில் இருந்தார்கள். ஆனால் வாங்குகிறவர் அதைக் கண்டுபிடிக்கவும் முடிந்தது. கண்டுபிடித்தால் மறுநாள் காலையில் அதே வாசலில் வந்து நின்று, நாலு பேர் கேட்கச் சத்தம் போடவும் முடிந்தது. ஒரு டப்பாவுக்கு மூவாயிரம் ரூபாய் கொடுக்கும் என் மருமகனுக்கு அந்த வாசல் இல்லை.

அமுக்கராவும் இப்போது அவன் மேசையில் இருக்கிறது, அசுவகந்தா என்ற பெயரில், மாத்திரைக் குப்பியில். உலகத்து ஜிம்களுக்கெல்லாம் போகிற அந்த வேர் மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கத்து வயல்களில் நிறைய விளைகிறது. அங்காடி மருந்துக் கடையில் அதைக் கேட்டால் வயது, வயிறு, தூக்கம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் நிறுப்பார்கள். குப்பியில் ‘தினமும் இரண்டு’ என்று போட்டிருக்கிறது, எல்லோருக்கும்.

போன கர்க்கடகத்தில் அவனைச் சாலைக்குக் கூட்டிப்போனேன். அங்காடி மருந்துக் கடைகள் சில இன்னும் இருக்கின்றன. கஞ்சிச் சரக்கைப் பெட்டியில் அடைத்தும் விற்கிறார்கள், கேட்டால் தனித்தனியாகவும் நிறுத்துத் தருகிறார்கள். பக்கத்துப் பலசரக்குக் கடைச் சாக்கில் காணம் கிடந்தது. ஒன்றை எடுத்துக் கடிக்கச் சொன்னேன். தயங்கிக் கடித்தான்.

“கல்லு மாதிரி இருக்கு மாமா.”

“டக்குனு உடைஞ்சுதா, நசுங்கிச்சா?”

“உடைஞ்சுது.”

“அப்போ நல்லாக் காய்ஞ்ச சரக்கு. ஈரம் இருந்தா நசுங்கும், வீட்டுக்குக் கொண்டுபோனா பூசணம் பிடிக்கும்.”

நூறு கிராமில் புரதம் எவ்வளவு என்று கேட்டான். இருபத்திரண்டு கிராம் வரை என்றேன். அடுத்த சாக்கில் கையை விட்டு ஒரு கொண்டைக்கடலையை எடுத்தான். அதையும் கடித்துப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் இரண்டிலும் அரைக் கிலோ போடச் சொன்னான்.