பளபளக்கும் பக்கங்கள் சொன்ன பாடம்

முடிவெட்டும் கடையில் உங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போது, கனத்த ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றைப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். வழுவழுப்பான தாள். பக்கத்துக்குப் பக்கம் கோட்டு அணிந்த ஆண்கள், கைக்கடிகாரங்கள், காலணிகள், மோட்டார் கார்கள். "இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள்? இதனால் நமக்கு என்ன பயன்?" என்று எண்ணிக் கீழே வைத்திருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு விடையை நான் ஒரு தீபாவளியன்று கற்றுக்கொண்டேன். பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

கிள்ளானுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். "நம்மோடு இந்தப் பால் வாளி போகட்டும். பையன் ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்ளட்டும்" என்று அப்பா 1979-இல் என்னைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் சேர்த்துவிட்டார். காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் என் வேலை. இரவில் கடையிலேயே படுக்கை.

அந்தக் கடையின் மேசை மேல் ஆண்களுக்கான வெளிநாட்டுச் சஞ்சிகைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர்கள் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டி, "இதுபோல் தைத்துக் கொடுங்கள்" என்பார்கள். எங்கள் மாஸ்டருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பார். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துத் துணியில் கோடு போட்டுவிடுவார்!

இரவில் கடை சாத்திய பிறகு நானும் அந்தப் பக்கங்களைப் புரட்டுவேன். தோள் பட்டை எங்கே முடிய வேண்டும், கோட்டுக் கைக்கு வெளியே சட்டையின் கை எவ்வளவு தெரிய வேண்டும், கட்டம் போட்ட துணியில் பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் எப்படி ஒன்றாகச் சேர வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் படங்களில்தான் பார்த்துக்கொண்டேன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த வாடிக்கையாளர் ஒருவர், "படத்தை மட்டும் பார்க்காதே தம்பி, எழுத்தையும் படி" என்று அகராதி ஒன்றைக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆசை யாரை விட்டது?

1982-ஆம் ஆண்டு தீபாவளி. ஒரு சஞ்சிகையில் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று என் மனத்தைப் பறித்துவிட்டது. அதே போன்ற துணியை வாங்கி, இரவு இரவாக உட்கார்ந்து தைத்தேன். துணிக்குப் பணம் ஏது என்கிறீர்களா? மாதா மாதம் வீட்டுக்கு அனுப்பும் பணத்தை மூன்று மாதம் அனுப்பவில்லை. "கடையில் சம்பளம் பாக்கி" என்று பொய் எழுதினேன். அந்தப் பணம், நான்காம் படிவத்துக்குப் போகவிருந்த என் தங்கையின் புத்தகத்துக்கும் சீருடைக்கும் என்று வீட்டில் எண்ணி வைத்திருந்த பணம்.

தீபாவளியன்று கோட்டும் கழுத்துப்பட்டையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி, செம்மண் சாலையில் நடந்தேன். உச்சி வெயில். உடம்பெல்லாம் வேர்வை. லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அம்மாவுக்கு ஒரே பெருமை. அப்பா என் கோட்டையும், என் கையிலிருந்த சஞ்சிகையையும் மாறி மாறிப் பார்த்தார். சஞ்சிகையை வாங்கி மெதுவாகப் புரட்டினார். பிறகு கேட்டார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தன் கையும் காய்ச்சிப் போகலையேப்பா. இதத் தைச்சவன் படம் எந்தப் பக்கத்துல இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பொய்யை அவர் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜனவரியில் பள்ளி திறந்தது. என் தங்கை இரண்டு வாரம் புத்தகமில்லாமல் போய், தோழியின் புத்தகத்தைப் பார்த்து எழுதினாள் என்று பின்னால் தெரிந்தது. அந்தக் கோட்டை அதன் பிறகு நான் போடவே இல்லை. இன்றும் அலமாரியில் தொங்குகிறது.

அப்பாவின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இந்தச் சஞ்சிகைகள் எப்படிப் பிறந்தன என்று பிற்காலத்தில் தேடிப் படித்தேன். படித்தபோது வியப்பாக இருந்தது. அவை பிறந்த இடமே துணிக்கடைதான்!

1931-இல் அமெரிக்காவில் 'அப்பேரல் ஆர்ட்ஸ்' என்ற ஏடு தொடங்கியது. அது பொதுமக்களுக்கானதல்ல; ஆண்கள் உடை விற்கும் கடைக்காரர்களுக்கானது. உண்மையான துணித் துண்டுகளைக்கூடப் பக்கங்களில் ஒட்டி அனுப்பினார்கள். கடைக்கு வந்தவர்கள் அந்த ஏட்டையே விரும்பிப் பார்த்தார்கள். அதைக் கண்டுதான் 1933-இல் 'எஸ்குவயர்' என்ற சஞ்சிகையை வெளியிட்டார்கள். அப்போது அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். இருந்தும் 50 காசு விலை வைத்த அந்த ஏடு நன்றாக விற்றது. 'அப்பேரல் ஆர்ட்ஸ்' பின்னர் 'ஜென்டில்மென்ஸ் குவார்ட்டர்லி' ஆயிற்று. அதுதான் இன்று 'ஜிகியூ' எனப்படுவது. அதன் இந்தியப் பதிப்பு 2008-இல் வந்தது. நம் நாட்டிலும் 2011-இல் 'எஸ்குவயர்' பதிப்பு தொடங்கியது.

ஆக, துணி விற்பதற்காகப் பிறந்தவை இவை. இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. நாம் கொடுக்கும் விலையைவிட விளம்பரக்காரர் கொடுக்கும் பணமே இவற்றுக்குப் பெரிய வருமானம். சஞ்சிகையை நாம் வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நம் ஆசையை விளம்பரக்காரருக்கு விற்கிறார்கள்.

அப்படியானால் இவை குப்பையா? அப்படியும் சொல்ல மாட்டேன். விளம்பரத்துக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றால் படிக்க நல்ல எழுத்தும் வேண்டுமல்லவா? 'எஸ்குவயர்' முதல் இதழிலேயே எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர். 1966-இல் கே டலீஸ் என்பவர் பாடகர் பிராங்க் சினாட்ராவைப் பற்றி அதே ஏட்டில் எழுதினார். பாடகர் பேட்டி கொடுக்க மறுத்துவிட்டார். அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் பேசியும், தூரத்திலிருந்து கவனித்தும் எழுதிய அந்தக் கட்டுரையை இன்றும் இதழியல் மாணவர்கள் படிக்கிறார்கள். கடிகார விளம்பரங்களுக்கு நடுவே இப்படிப்பட்ட முத்துகளும் கிடக்கின்றன.

எனக்கும் அந்தப் பக்கங்கள் சோறு போட்டன. பின்னர் கிள்ளானில் சொந்தமாகக் கடை வைத்தேன். எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குக் கோட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். யாராவது படத்தைக் கொண்டு வந்தால், "தம்பி, இந்தக் கம்பளி குளிர் நாட்டுக்கு ஏற்றது. வெட்டு இதே மாதிரி இருக்கட்டும். துணி மெல்லியதாக எடுப்போம். பாதி விலையில் முடியும்" என்பேன். கற்றது படத்தில், சொன்னது பட்டறிவில்.

இன்று காலம் மாறிவிட்டது. 2020-இல், நம் நாட்டில் பல சஞ்சிகைகளை வெளியிட்டு வந்த 'புளூ இங்க்' நிறுவனமே மூடப்பட்டது. பளபளப்பான பக்கங்கள் கைத்தொலைபேசிக்குள் புகுந்துகொண்டன. முன்பு முடிவெட்டும் கடையில் மட்டும் பார்த்த கடிகாரத்தை, இன்று நம் பிள்ளைகள் படுக்கையில் படுத்தபடி பார்க்கிறார்கள். "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்ற அழைப்பும் கூடவே வருகிறது. 2003-இல்தான் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 350 வெள்ளி என்ற மாதச் சம்பள ஏற்பாடு வந்தது. 2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அந்தப் பக்கங்களில் வரும் கடிகாரங்களோ பல பத்தாயிரம் வெள்ளி. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கையில் அப்படிப்பட்ட சஞ்சிகையைக் கண்டால் பிடுங்கிக் கிழித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். தையலின் நேர்த்தியைக் காட்டுங்கள். நல்ல கட்டுரை இருந்தால் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. நூலகத்தில் கிடைத்தால் காசில்லாமலே படிக்கலாம்.

பிறகு, என் அப்பா கேட்ட கேள்வியை நீங்களும் ஒருமுறை கேளுங்கள்: "இதைத் தைத்தவன் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

அந்தக் கேள்வி தெரிந்த பிள்ளை, எந்தப் பளபளப்பிலும் வழுக்கி விழ மாட்டான்.